கொக்கிக்கு எத்தனை போடலாம்

— அந்த மூக்கை எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும் கண்ணு. நீ இன்சூரன்ஸ் கம்பெனி இன்ஜினியரா வா, மகாராணியா வேணாலும் வா. டிக்கெட் கவுன்டர் கண்ணாடிக்குள்ள உக்காந்து காலம்பூரா மூக்கையும் கையையும்தான் பார்க்கிறேன். நீ இங்கே கப்பல் ராட்டினம் ஓட்டினாரே, அவரோட தங்கச்சிதானே?

— மெதுவாப் பேசுங்க அக்கா. அவர் காதுல விழப்போகுது.

— எவர் காதுல? பூஜ்ஜியம் சார் காதுலயா? சீஃப் இன்ஜினியர் இப்ப ரொம்ப முக்கியமான வேலையில இருக்கார். வாசல்ல சிமெண்ட் யானை இருக்குல்ல, அதுக்குக் காது ஒட்டிக்கிட்டிருக்கார். ஒட்டி முடிச்சாத்தான் இந்த ஒர்க்‌ஷாப் பக்கம் வருவார். அதுவரைக்கும் தாராளமாப் பேசலாம். நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்.

— நீங்க யார்கிட்டயும் சொல்லமாட்டீங்கன்னு பார்க் பூரா பேசிக்கிறாங்க அக்கா.

— பாரு, அண்ணனுக்கு வாயே கிடையாது, தங்கச்சிக்கு ரெண்டு. அது சரி, நீ யாருன்னு அவருக்குத் தெரியுமா?

— தெரியாது. தெரிஞ்சிருந்தா காலையில கார் கதவைத் திறந்துவிட்டு, "வாங்க மேடம், உங்களுக்காகத்தான் காத்திருந்தோம்"னு பல்லைக் காட்டியிருப்பாரா?

— அவர் பல்லைக் காட்டறதுக்கு ஆளெல்லாம் தேவையில்ல. உங்க அண்ணன் எப்படி இருக்கார்? இங்கேருந்து போனதுக்கு அப்புறம் கடைத்தெருவுலகூடப் பார்க்கலை.

— வீட்டை விட்டு வெளியே வந்தாத்தானே பார்க்க. வாசக்கதவைத் தாழ் போட்டுட்டு நாலு எட்டு வைப்பார். திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பார். மறுபடி நாலு எட்டு, மறுபடி இழுப்பு. அதுக்குள்ள போக வேண்டிய இடமே மறந்துடும். அடுப்பு, குழாய், பீரோ, எல்லாத்துக்கும் இதே கதைதான். அண்ணியை பஸ் ஏத்திவிடப் போனா ஜன்னல் கம்பியை ஆட்டிப் பார்த்துட்டுத்தான் இறங்கறார். "நான்தான் அன்னிக்குப் பூட்டலையோ?"ன்னு என்கிட்ட கேக்கறார். பூட்டியிருப்பீங்க அண்ணான்னு சொன்னா, "நீ பார்த்தியா?"ன்னு கேக்கறார். நான் என்ன சொல்ல?

— என்னைக் கேட்டா நான் சொல்றேன். அந்த மனுஷன் கப்பல்ல ஒவ்வொரு சீட்டுக்கும் மடியில வர்ற கம்பியை ரெண்டு ரெண்டு தடவை இழுத்துப் பார்ப்பார். "உங்க ஆளு எங்களை ஏத்தறதுக்குள்ள எங்க பிள்ளைங்களுக்குக் கல்யாண வயசு வந்துடும்"னு க்யூவுல நிக்கிறவங்க என்கிட்ட வந்து சண்டை போடுவாங்க.

— அவரைத்தான் கவனக்குறைவுன்னு எழுதி அனுப்பினாங்க.

— ஆமா. கப்பல்ல ஏறின ஒரு அம்மா, மடியில இருந்த கம்பி தூக்கிக்கிட்டதுல கீழே விழுந்து இடுப்பை உடைச்சுக்கிட்டாங்க, பாவம். மறுநாள் காலையில பார்த்தா இங்கே பழி தயாரா இருக்கு, சுடச்சுட. சரி கண்ணு, இப்ப நீ என்ன பண்ணப்போற? சட்டையைப் பிடிக்கப்போறியா? பிடிக்கிறதா இருந்தா முன்னாடியே சொல்லு. கவுன்டரைச் சாத்திட்டு வந்து நல்ல இடமாப் பார்த்து உக்காந்துக்கறேன்.

— சட்டையெல்லாம் எதுக்கு. நம்பர் போட வந்திருக்கேன். போட்டுட்டுப் போறேன்.

— நம்பர் போட்டா வலிக்குமா?

— போடற விதத்துல போட்டா வலிக்கும்.

— எனக்குப் புரியற மாதிரி சொல்லேன். வருஷா வருஷம் சீசனுக்கு முன்னால இந்த ரூம்ல கூடி உக்காந்து, ரெண்டு, அஞ்சு, பத்துன்னு கத்தறாங்க. முதல்ல நான் சீட்டாடறாங்கன்னு நெனச்சேன். கைக்குக் கை சீட்டு இல்லையேன்னுதான் சந்தேகம் வந்துச்சு.

— எல்லா ராட்டினத்தையும் ஒரே நேரத்துல பிரிச்சு ரிப்பேர் பண்ண முடியாது இல்லையா? எதுல முதல்ல கை வைக்கணும்னு முடிவு பண்ணணும். அதுக்காக, எங்கெங்க என்னென்ன கெட்டுப்போகலாம்னு வரிசையா எழுதுவாங்க. கெட்டா எவ்வளவு மோசம், எவ்வளவு அடிக்கடி கெடும், கெடறதுக்கு முன்னால நம்ம கண்ணுல படுமா படாதா, படாதுன்னா நம்பர் கூடும். மூணுக்கும் ஒண்ணுலேருந்து பத்துக்குள்ள ஒரு நம்பர். மூணையும் பெருக்கினா எது பெருசா வருதோ, அதுக்கு முதல் மரியாதை.

— நல்லாத்தானே இருக்கு.

— நல்லாத்தான் இருக்கும். எவ்வளவு மோசம்ங்கறதுல யாரும் பொய் சொல்ல முடியாது. மேலேருந்து விழுந்தா எலும்பு உடையும், எல்லாருக்கும் தெரியும். எவ்வளவு அடிக்கடின்னு கேட்டாத்தான் அவங்கவங்க மனசுல இருக்கறது வெளியே வரும்.

— பூஜ்ஜியம் சார் மனசுல இருக்கறது ஒண்ணு. எதைக் கேட்டாலும் ஒண்ணு. பூஜ்ஜியம் போடத்தான் ஆசை. அதுல ஒண்ணுக்குக் கீழே இடமில்லையாமே? "இதுக்கு மட்டும் பூஜ்ஜியம் போட்டுக்க அனுமதி வேணும்"னு முதலாளியம்மாகிட்டயே போய்க் கேட்டார். அன்னிலேருந்துதான் அந்தப் பேர். நான்தான் வச்சேன். யார்கிட்டயும் சொல்லாதே.

— மத்தவங்க எதுவும் சொல்லமாட்டாங்களா?

— சொல்லுவாங்களே. இவர் தலைமாட்டு நாற்காலியில சாஞ்சுக்கிட்டு "ஒண்ணு"ம்பார். எலக்ட்ரீஷியன் "ஒண்ணு சார்"ம்பார். பெயின்ட் அடிக்கிறவர் "ஒண்ணேதான் சார்"ம்பார். ஃபோர்மேன் கொட்டாவியோட விரலைத் தூக்கிக் காட்டுவார். சாப்பாட்டு நேரத்துக்குள்ள கூட்டம் முடியணும், அதுதான் அங்கே சட்டம். அப்புறம் யானைக் காது மட்டும் பத்து. தினமும் உதிருது, முதலாளியம்மா கார்ல வரும்போது முதல்ல கண்ணுல படறது அதுதான். அதனால மூணு வருஷமா இந்தப் பார்க்ல முதல் மரியாதை சிமெண்ட் காதுக்கு.

— கப்பல் கொக்கிக்கு ஒண்ணு.

— அதென்ன கொக்கி?

— மடியில வர்ற கம்பியை சீட்டோட சேர்த்துப் பிடிச்சுக்கறது. வெளியே தெரியாது, சீட்டுக்கு உள்ளே இருக்கும். பழைய பதிவு எல்லாத்தையும் உக்காந்து படிச்சேன் அக்கா. இத்தனை வருஷத்துல கொக்கி ஒரு தடவைகூடத் தானாத் திறந்ததா எழுதலை. கம்பி தூக்கிக்கிச்சு, ஏறினவர் ரொம்ப ஆடினார், அதனால அவர் தப்பு. கம்பி தூக்கிக்கிச்சு, ஓட்டினவர் சரியா அழுத்தலை, அவர் தப்பு. கம்பி தூக்கிக்கிச்சு, ஒரு குழந்தை உதைச்சது, குழந்தை தப்பு. கொக்கி மட்டும் சொக்கத்தங்கம். அதான் ஒண்ணு. திறந்ததேயில்லையே, அப்புறம் எப்படி ரெண்டு வரும்?

— எங்க வீட்டு நடைமுறை மாதிரியே இருக்கே. எது உடைஞ்சாலும் மருமக கைதான். எங்க மாமியார் கையில இருந்து விழுந்த பாத்திரம்கூட நான் பார்த்ததாலதான் விழுந்துச்சு.

— அதேதான். மாமியார் கைக்கு ஒண்ணு.

— இரு இரு, செருப்புச் சத்தம் கேக்குது. வர்றார். இனிமே நீ மேடம், நான் டிக்கெட்டம்மா. முகத்தைச் சாதாரணமா வச்சுக்கோ.

— மேடம், மேடம், மன்னிக்கணும். யானைக்கு இடது காது கோணலா ஒட்டிக்கிச்சு. நான் சொல்றேன்ல, நான் பக்கத்துல நிக்கலைன்னா இந்தப் பார்க்ல ஒரு ஸ்க்ரூ நேராப் போகாது. டிக்கெட்டம்மா, உங்களுக்கு இங்கே என்ன வேலை?

— கப்பல் ஷெட் சாவி கொண்டு வந்தேன் சார்.

— கொடுத்தாச்சுல்ல? கிளம்புங்க.

— சாவியை விட்டு நகரக் கூடாதுன்னு முதலாளியம்மா சொல்லியிருக்காங்க சார். இப்படி ஓரமா உக்காந்துக்கறேன். உங்க பேச்சு எதுவும் எனக்குக் கேக்காது.

— இருக்கட்டும் சார். அவங்க இருக்கட்டும். நாம நம்ம வேலையைப் பார்ப்போம்.

— சிம்பிள் மேடம். எல்லாம் ரெடி. அந்தக் கப்பல் கொக்கியில மட்டும் நீங்க பென்சிலால சுழிச்சு வச்சிருக்கீங்க, அதைப் பார்த்தேன். அதுக்கு ஒண்ணு. போன வருஷம் ஒண்ணு, அதுக்கு முந்தின வருஷம் ஒண்ணு. பரம்பரையா ஒண்ணு.

— எதை வச்சு ஒண்ணுன்னு சொல்றீங்க?

— அனுபவம்தான். அந்தக் கொக்கியை நான் என் பொண்டாட்டி முகத்தைவிட அதிகமாப் பார்த்திருக்கேன்.

— அவங்களும் அதைத்தான் சொன்னாங்க சார், போன வாரம்.

— உங்களுக்குக் காது கேக்காதுன்னு சொன்னீங்க?

— நடுநடுவுல கேக்கும் சார்.

— சரி சார், விடுங்க. கொக்கிக்கு ஒண்ணே போட்டுடலாம்.

— போட்டுடலாமா?

— பதிவு அப்படித்தானே சொல்லுது. கொக்கி மேல ஒரு குறையும் இல்ல. நடந்ததெல்லாம் ஆளுங்க தப்பு.

— நான் சொல்றேன்ல. மேடம், நீங்க விஷயம் தெரிஞ்சவங்க. போன தடவை உங்க கம்பெனியிலேருந்து ஒருத்தர் வந்தார். கொக்கியைக் கழட்டு, பிரிச்சுக் காட்டு, படம் எடுன்னு என் உயிரை எடுத்தார். ஆளைச் சாப்பிட அழைச்சுக்கிட்டுப் போய்த்தான் அனுப்பி வச்சோம்.

— ஆனா சார், ஆள் தப்பை எங்கேயாவது எழுதியாகணுமே. கம்பி தூக்கிக்கிட்டது நிஜம். அது கொக்கி கணக்குல ஏறலைன்னா ஆள் கணக்குல ஏறணும். ஓட்டறவர் சரியாப் பூட்டாம விடறது. இது எவ்வளவு அடிக்கடி நடக்கும்?

— அது எப்பவாவது.

— நீங்க கையெழுத்துப் போட்ட பதிவைப் பார்த்தா எப்பவாவது மாதிரித் தெரியலை. ஒரு சீசன்கூட விடாம நடந்திருக்கு. ஒருத்தரை அனுப்பறீங்க, அடுத்தவர் வர்றார், அவரும் பூட்டாம விடறார். அவரையும் அனுப்பறீங்க. எங்க அளவுகோல்படி இதுக்கு ஒன்பது வரும்.

— தாராளமாப் போடுங்க. இப்ப வர்ற பசங்க அப்படித்தான் மேடம். ஒரு கண்ணு கம்பியில, ஒரு கண்ணு செல்போன்ல. பொறுப்பு கிடையாது, பயம் கிடையாது.

— ஒன்பது போட்டா அதுதான் முதல் இடத்துக்கு வரும். யானைக் காதுக்கும் மேல.

— வரட்டுமே. கொக்கியை மாத்தச் சொல்லலையே நீங்க. ஆளுங்கதானே, கூப்பிட்டு வச்சு ரெண்டு வார்த்தை கண்டிச்சா முடிஞ்சது.

— கண்டிக்கிறதை எங்க கம்பெனி ஒத்துக்காது. முதல் இடத்துல வர்றதுக்கு உருப்படியா ஒரு தீர்வு எழுதணும். இவங்களுக்கெல்லாம் கப்பல் ஓட்டச் சொல்லிக்கொடுத்தது யார் சார்?

— நான்தான். வேற யார் இருக்கா இங்கே?

— நீங்க ஓட்டினப்போ எப்பவாவது பூட்டாம விட்டிருக்கீங்களா?

— நானா? என் கையால பூட்டின கம்பி ஒண்ணு தூக்கட்டும், மீசையை எடுத்துடறேன்.

— ரொம்ப நல்லதாப் போச்சு. நானும் அதைத்தான் எழுதியிருக்கேன். வர்ற சீசன் பூரா கப்பலை ஓட்டறதுக்குத் தகுதியான ஆள் இந்தப் பார்க்ல நீங்க ஒருத்தர்தான்.

— என்ன எழுதியிருக்கீங்க?

— நீங்களே ஓட்டறதா. கப்பல் வாசல்ல ஒரு பலகை வைக்கணும், ஓட்டறவர் பேர் போட்டு. பேர் பெரிய எழுத்துல இருக்கணும்னு முதலாளியம்மா ஆசைப்பட்டாங்க. காலையிலேயே போன்ல பேசி முடிவு பண்ணியாச்சு.

— முதலாளியம்மா சம்மதிச்சாங்களா?

— சந்தோஷமா. "அவரைவிட நம்பகமான ஆள் உண்டா?"ன்னாங்க.

— சார், இந்த ஸ்டூல்ல உக்காருங்க. ஃபேன் போடட்டுமா? கழுத்தெல்லாம் இப்படி வேர்க்குதே.

— ஒண்ணும் வேண்டாம், சும்மா இருங்க. மேடம், ஒரு நிமிஷம். நான் சீஃப் இன்ஜினியர். நான் போய் லீவரைப் பிடிச்சுக்கிட்டு நின்னா மத்த வேலையெல்லாம் யார் பார்ப்பாங்க?

— மத்ததுக்கெல்லாம் ஒண்ணுதானே சார் போட்டிருக்கீங்க. ஒண்ணுமே கெடப்போறதில்லையே.

— அது சரிதான். ஆனா மேடம், அந்தக் கொக்கிக்கு ஒண்ணுங்கறது கொஞ்சம் அப்படி இப்படி இருக்கோன்னு படுது.

— இன்னும் கீழே போகணுமா சார்? பூஜ்ஜியத்துக்கு அனுமதி வந்துடுச்சா?

— டிக்கெட்டம்மா, உங்களை யாரும் கேக்கலை. மேல போகலாமோன்னு சொல்றேன். ரெண்டு போடலாம்.

— ரெண்டா? பரம்பரையா ஒண்ணு சார் அது. நம்ம கையால கெடுக்கலாமா?

— மூணு போடுங்க மேடம். மழை பெய்யுது, துரு பிடிக்குது, எதுவும் நிச்சயமில்ல.

— மூணு போட்டா எப்பவோ ஒரு தடவை தானாத் திறந்திருக்குன்னு அர்த்தம். உங்க பதிவுல அப்படி எதுவும் இல்லையே.

— பதிவு கிடக்குது. நாலு.

— மேடம், சார் ஏலத்துல நிக்கிறார் போலிருக்கே. எதிர்த்துக் கேக்க ஆள் இல்லாம அவரே ஏத்திக்கிட்டுப் போறார்.

— அஞ்சு போடுங்க மேடம். நடுவுல இருக்கட்டும். நடுவுல போட்டா யாருக்கும் வருத்தமில்ல.

— நடுவுல போடறதுதான் சார் ரொம்ப மோசம். சிந்திக்கச் சோம்பல்பட்டவங்க போடற நம்பர் அது. நான் ஒண்ணையே போட்டுடறேன். பேனா மூடியைத் திறந்துட்டேன்.

— மூடுங்க மேடம், கொஞ்சம் மூடுங்க. ஏழு. சிந்திச்சுத்தான் சொல்றேன். ஏழு.

— காரணம் சொன்னா போடலாம். வெறும் ஏழுன்னா எப்படிப் போட?

— அதோட பல் தேஞ்சிருக்கு.

— எதோட பல்?

— கொக்கிக்கு உள்ளே ஒரு பல்சக்கரம் மாதிரி இருக்கு. கம்பியை அழுத்தினா அந்தப் பல்லுல போய் மாட்டிக்கும். அது தேஞ்சு மழுங்கிப்போச்சு. சாதாரணமா ஆடும்போது நிக்கும். கப்பல் உச்சிக்குப் போய் ஒரு நொடி அந்தரத்துல நிக்குது பாருங்க, அப்ப எல்லாரும் முன்னால சாய்வாங்க. கடைசி வரிசையில கனமான ஆளுங்க உக்காந்திருந்தா மொத்த பாரமும் கம்பி மேல விழும். பல்லு வழுக்கும். டக்குனு ஒரு சத்தம் கேக்கும். கேட்டவங்களுக்குத் தெரியும்.

— ஏத்தறதுக்கு முன்னால கம்பியை இழுத்துப் பார்த்தாத் தெரிஞ்சுடாதா?

— தெரியாது மேடம். கீழே நிக்கும்போது இழுத்தா கல்லு மாதிரி இருக்கும். ரெண்டு தடவை இழுங்க, இருபது தடவை இழுங்க, அசையாது. மேலே போனாத்தான் அதோட சுயரூபம்.

— இருபது தடவை இழுத்தாலும் தெரியாதா சார்?

— அதைத்தாம்மா சொல்றேன். மேடம், முன்கூட்டியே கண்ணுல படுமாங்கறதுக்கும் பத்து போட்டுக்கலாம் நீங்க. நியாயமாப் பார்த்தா அப்படித்தான்.

— நியாயமாப் பார்க்க ஆரம்பிச்சுட்டீங்க. இது எப்போலேருந்து தெரியும் உங்களுக்கு?

— அந்தம்மா விழுந்த சீசனுக்கு முந்தின சீசன்லேருந்தே. மாத்தணும்னா கப்பலை முழுசா இறக்கிப் பிரிக்கணும் மேடம். சீசன் போயிடும். இந்தப் பார்க்குக்குக் கூட்டம் வர்றதே கப்பலுக்காகத்தான். நம்பரைப் பெருசாப் போட்டா மூடச் சொல்லுவாங்க, மூடினா முதலாளியம்மா என்னைக் கேப்பாங்க. ஒண்ணு போட்டா எல்லாரும் நிம்மதியாத் தூங்குவாங்க.

— அந்தம்மா விழுந்த அன்னிக்குக் கப்பல் ஓட்டினவர் கம்பியைப் பூட்டியிருந்தாரா?

— அவன் பூட்டாம இருப்பானா? அவன் ஒரு பைத்தியம் மேடம். ஒவ்வொரு கம்பியையும் இழுத்து இழுத்துப் பார்த்து, க்யூ வாசல் வரைக்கும் போயிடும். இங்கே இருந்தவங்கள்லயே ஒழுங்காப் பூட்டினவன் அவன் ஒருத்தன்தான்.

— அப்ப கவனக்குறைவுன்னு எழுதினது?

— ஏதாவது எழுதணுமே. கொக்கின்னு எழுதினா நம்ம ஒண்ணு என்னத்துக்கு ஆகும்? மத்தவங்களா இருந்தா சங்கம், வக்கீல்னு கிளம்பிடுவாங்க. அவன் வாயில்லாப் பூச்சி. எழுதினதைப் படிச்சுட்டு என்கிட்டயே வந்து, "நான் பூட்டலையா சார்?"ன்னு கேட்டான். "பூட்டலைப்பா, நான்தான் பார்த்தேனே"ன்னேன். தலையை ஆட்டிட்டுப் போயிட்டான். அவ்வளவு சிம்பிள்.

— சிம்பிள்.

— என்ன டிக்கெட்டம்மா, சத்தத்தையே காணோம்? வாய் எங்கே போச்சு?

— தேடிக்கிட்டிருக்கேன் சார். கிடைச்சதும் சொல்றேன்.

— பாருங்க மேடம், ஒன்பதே போட்டுடுங்க. கப்பலை மூடிடலாம். நானே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன். அந்தப் பலகை, பேர், அதெல்லாம் மட்டும் வேண்டாம்னு முதலாளியம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க.

— போனாரே, அவர் அப்புறம் என்ன ஆனார்னு நெனச்சுப் பார்த்திருக்கீங்களா?

— எவன்? அவனா? எங்கேயாவது வேற வேலை பார்த்திருப்பான். கை கால் நல்லாத்தானே இருக்கு.

— திரும்பி வந்து உங்க முன்னால நிப்பார்னு தோணினதில்லையா? அதுக்கு எத்தனை போடுவீங்க?

— நல்லா கேக்கறீங்க மேடம். அதுக்குத்தான் பூஜ்ஜியம் வேணும்னு கேட்டேன் முதலாளியம்மாகிட்ட.

— சரி சார். உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும். கொக்கிக்கு நம்பர் போடற அதிகாரம் எனக்குக் கிடையாது.

— என்னது?

— இந்த வேலையை ஒத்துக்கும்போதே கம்பெனியில சொல்லிட்டேன். கப்பல் விவகாரத்துல எனக்குச் சொந்தக்காரர் ஒருத்தர் இருக்கார், நான் என்ன போட்டாலும் பழிவாங்கினதாத்தான் ஆகும்னு. அவங்களும் யோசிச்சாங்க. மத்ததையெல்லாம் நீ போடு, கப்பலுக்கு மட்டும் யாரும் வாயால போட வேண்டாம், ஓட்டிப் பார்த்து எண்ணிப் போட்டுக்கலாம்னுட்டாங்க.

— அப்ப இவ்வளவு நேரம் என்கிட்ட பேரம் பேசினது?

— ஆசையா இருந்துச்சு சார். ஒண்ணுலேருந்து ஒன்பது வரைக்கும் உங்க வாயாலயே கேக்கணும்னு ரொம்ப நாள் ஆசை.

— அடி ஆத்தே. எனக்குக்கூடச் சொல்லலையே நீ.

— உங்ககிட்ட சொல்லியிருந்தா யானைக்குக்கூடத் தெரிஞ்சிருக்கும் அக்கா.

— சொந்தக்காரர்னா யாரு? இருங்க, இருங்க. அது அப்புறம். ஓட்டிப் பார்க்கிறதுன்னா? தெரிஞ்சே ஜனங்களை ஏத்தி ஓட்டச் சொல்றீங்களா? நீங்கள்லாம் மனுஷங்களா?

— யார் ஏறுவாங்கன்னு நீங்க கேக்கவேயில்லையே சார். நான் உங்களை ஓட்டணும்னுதான் சொன்னேன். ஜனங்க வேலிக்கு வெளியே நிப்பாங்க. கப்பல்ல மணல் மூட்டைங்க ஏறும், ஒவ்வொண்ணும் ஒரு ஆள் கனத்துக்கு. சீசன் பூரா நீங்க மூட்டைங்களுக்குக் கப்பல் விடணும். எத்தனை ஓட்டத்துக்கு எத்தனை தடவை கொக்கி வழுக்குதுன்னு கேமரா எண்ணிக்கும். வர்றதுதான் நம்பர். அதுக்கப்புறம் கப்பலை இறக்கறதா, உடைக்கிறதான்னு முதலாளியம்மா பார்த்துக்குவாங்க.

— பார்க் பூரா என்னைப் பார்த்துச் சிரிக்கும்.

— சிரிக்கிறதுக்குத் தனி டிக்கெட் போடலாம் சார். நான் கவுன்டர்லயே உக்காந்து கொடுக்கறேன்.

— முடியாதுன்னா?

— முடியாதுன்னா இப்ப இங்கே சொன்னதை அப்படியே முதலாளியம்மாகிட்ட சொல்லிட்டு வீட்டுக்குப் போகலாம். உங்களுக்குச் சொல்லக் கூச்சமா இருந்தா அக்கா சொல்லுவாங்க.

— நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன் சார். என்னைப் பத்தி உங்களுக்குத் தெரியாதா.

— ஓட்டறேன். ஓட்டித் தொலைக்கிறேன். ஆனா நான் லீவர்ல நின்னா ஒவ்வொரு மூட்டைக்கும் கம்பியைப் பூட்ட ஒரு ஆள் வேணும். சரியாப் பூட்டலைன்னா அந்தப் பழியும் என் தலையில விடியும். நல்லாப் பூட்டற ஆளாக் கொடுங்க.

— நீங்களே சிபாரிசு பண்ணின ஆள்தான் சார். இப்பத்தான் வீட்லேருந்து கூட்டிக்கிட்டு வந்திருக்காங்க, யானைகிட்ட நிக்கிறார், ஜன்னல்வழியாப் பாருங்க. நீங்க அவரைக் கவனக்குறைவுன்னு கூப்பிட்டீங்க, நான் அண்ணான்னு கூப்பிடுவேன்.